இடுக்கியால் பிடித்த கடிதங்கள்

எங்கள் வீட்டில் அந்த நோய்க்குப் பெயர் கிடையாது. ‘அந்த ஒடம்பு’ என்பார்கள். ‘அவளுக்கு அந்த ஒடம்பு’ என்று பெரியம்மா சொல்லும்போதே முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும், சொன்னாலே தொற்றிக்கொள்ளும் என்பதுபோல. என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவிலும் விடாமல் இருமல் கேட்கிற வீடு ஒன்று இருந்திருக்கும். அதைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்லியிருப்பார்கள். எங்கள் தெருவில் அந்த வீடு எங்களுடையதாகிவிடக் கூடாது என்பதற்காக என் வீட்டுப் பெரியவர்கள் செய்ததைத்தான் சொல்லப் போகிறேன். குழந்தைப் பருவம் என்றதும் வரப்பும் வாய்க்காலும் நாவல் பழமும் எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

திருவையாற்றுக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் எங்கள் ஊர். பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நிலம் இருவருக்கும் பொது, பேச்சு பெரியப்பாவுக்கு மட்டும். ஊரில் இருந்த ரைஸ் மில்லும் அவர் பொறுப்பில் ஓடியது. அப்பா ‘சரிண்ணே’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முழு வாழ்க்கையையும் ஓட்டியவர். அம்மாவுக்குப் பெற்றோர் இல்லை. நாகூர்ப் பக்கத்தில் தாய்மாமன் வளர்த்துக் கட்டிக்கொடுத்த பெண். அந்த மாமனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்காக வாசலில் வந்து நின்று கேள்வி கேட்க ஓர் ஆள் கிடையாது. இதை எங்கள் வீட்டார் நன்றாகவே தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஐப்பசி அடைமழையில் அம்மாவுக்கு இருமல் தொடங்கியது. மழை நின்றது, இருமல் நிற்கவில்லை. கொல்லைப்புறத்தில் உர மூட்டையும் பழைய சாக்கும் கிடக்கிற அறையில் அவளுக்குப் பாய் போட்டார்கள். தனி அலுமினியத் தட்டு. துப்புவதற்குச் சாம்பல் போட்ட ஒரு கொட்டாங்கச்சி. அந்த அறையின் நெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது: யூரியா, ஈரச் சாக்கு, வேப்பிலைப் புகை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மா சிரித்துக்கொண்டே, “தள்ளி நில்லுடி கண்ணு, இன்னும் தள்ளி” என்பாள். தள்ளித் தள்ளி நின்று கடைசியில் கிணற்றடிக்கே வந்துவிடுவேன். அங்கிருந்து அவள் முகம் தெரியாது, கை ஆடுவது மட்டும் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் விடிவதற்கு முன் அப்பா அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். தெருவில் கேட்டவர்களுக்குப் பெரியம்மா ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். “நாகூர்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கா. கடக்காத்து பட்டா ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு.”

அம்மா போனது கடலுக்கு நேர் எதிர்த்திசையில். தஞ்சாவூருக்கு மேற்கே, வயல் முடிந்து பொட்டல் தொடங்கும் இடத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் தன் நாட்டைவிட்டு உயிர் தப்பி வந்த ஒரு யூத டாக்டரம்மா அதை நடத்தினார். பம்பாயிலும் வெளிநாடுகளிலும் இருந்த யூதர்கள் ஒரு சங்கம் வைத்து அதற்கு உதவினார்கள். யார், எந்த ஜாதி, எந்தச் சாமி என்று எதுவும் கேட்காமல் காச நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரியப்பாவுக்கு இதுதான் புரியவில்லை. “சிலுவையும் இல்ல, பள்ளிவாசலும் இல்ல. நம்மள மாத்தவும் பாக்கல. அப்பறம் எதுக்கு இந்தப் பொம்பள இவ்வளவு மெனக்கெடுறா?” என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்பார். ஒரு காரியத்தில் இலாபம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மாதம் தவறாமல் குடும்பத்துக்குக் கடிதம் எழுதுவது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். டாக்டரம்மா சொல்லச் சொல்ல அங்கிருந்த குமாஸ்தா அழகான தமிழில் எழுதுவார். பெரியப்பா முதலிலேயே சொல்லியனுப்பிவிட்டார்: கார்டு போடக் கூடாது, உறையின் மேல் ஆஸ்பத்திரி பெயர் இருக்கக் கூடாது, வீட்டுக்கு அனுப்பக் கூடாது, மில் விலாசத்துக்குத்தான் வர வேண்டும். பாவம், அவர்கள் அத்தனைக்கும் ஒத்துக்கொண்டார்கள்.

கடிதம் வந்த நாள் எங்கள் வீட்டில் ஒரு பூஜை நடப்பதுபோல் இருக்கும். பெரியப்பா உறையை ஒரு சாக்குத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். கொல்லையில் நெருப்பு மூட்டி வேப்பிலையும் மஞ்சளும் போட்டுப் பெரியம்மா புகை போடுவாள். பிறகு அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் இடுக்கியால் கடிதத்தைப் பிடித்து அந்தப் புகையில் இப்படியும் அப்படியும் காட்டுவாள். கருவாடு சுடுகிற மாதிரி. அவள் இடுக்கியோடு பிடித்துக்கொண்டு நிற்க, பெரியப்பா எட்டி நின்றபடி, கண்ணில் புகை கரிக்க, கழுத்தை நீட்டி உரக்கப் படிப்பார். காய்ச்சல் எவ்வளவு, எடை எவ்வளவு, ஊசி போடுகிறோம், கவலை வேண்டாம். கடைசியில் அம்மா எனக்காகச் சொல்லி எழுதவைத்த ஒரு வரி இருக்கும். ‘பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் வைக்கவும். காதில் குச்சி விட்டுக்கொள்ளாமல் பார்க்கவும்.’ மில்லில் நெல் விலை சொல்கிற குரலிலேயே அதையும் படிப்பார். படித்து முடித்ததும் இடுக்கி விரியும். கடிதம் நெருப்பில் விழும்.

“பெரியம்மா, ஒரே ஒரு தடவ தொட்டுப் பாக்குறேன்.”

“தொட்டா வெரல் அழுகிப் போயிடும். போ அந்தாண்ட.”

அப்பா அந்த நேரத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பார். மாடு குடித்து முடித்திருந்தாலும் காட்டிக்கொண்டே இருப்பார்.

அடுத்த வருஷம் மார்கழியில் வந்த கடிதத்தில் நல்ல சேதி இருந்தது. அம்மா எழுந்து உட்காருகிறாள், நர்ஸுகள் அவளுக்குக் கம்பளி பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மகளுக்கு ஸ்வெட்டர் பின்ன ஆசைப்படுகிறாள். பிள்ளை இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறது, தோள் அளவும் கை அளவும் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தது.

“நம்ம ஊரு வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு யாருக்குக் காட்டப் போறா?” என்றாள் பெரியம்மா. “அதுவும் அந்தக் கையால பின்னுனத.”

நான் உள்ளே ஓடிப் போய்ச் சணல் கயிற்றால் என் தோளை நானே அளந்துகொண்டு வந்தேன். கயிற்றை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அளவு போகவே இல்லை.

தை பிறந்தது. சம்பா அறுவடையோடு பெரியப்பா மகளுக்குக் கல்யாண வேலையும் சேர்ந்துகொண்டது. அக்காவுக்குத் திருவாரூர்ப் பக்கத்து மாப்பிள்ளை. சிங்கப்பூரில் வேலை. லீவு முடிவதற்குள் தாலி கட்டிவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டும். தை கடைசி முகூர்த்தத்தை விட்டால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று பெரியம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளையடித்த சுண்ணாம்பு வாசனையும் களத்தில் புது வைக்கோல் வாசனையுமாக வீடு இருந்தது. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கல்யாணத்துக்கு அம்மா வருவாள் என்று யாரும் சொல்லாமலே நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும். வைக்கோல் போரின் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தேன். குடையும் கக்கத்தில் பையுமாக முன்பின் தெரியாத ஓர் ஆளைப் பெரியப்பா மில்லிலிருந்து களத்துக்குக் கூட்டிவந்தார். தெருவில் வைத்துப் பேசப் பிடிக்காமல்தான் இங்கே கூட்டிவந்திருக்கிறார் என்று இப்போது புரிகிறது. அந்த ஆள் ஓர் உறையைக் கொடுத்தார். பெரியப்பா அதைக் கையாலேயே வாங்கினார். படித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். பெரியம்மாவும் வந்தாள்.

“முடிஞ்சிருச்சாம்” என்றார் பெரியப்பா.

களத்து வேலையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இன்னும் கதிரடிப்பு பாக்கி இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அப்பா அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

குடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: “விடியக்காலையிலங்க. எரிக்கிறதா பொதைக்கிறதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. யாராச்சும் எங்கூடவே வந்தா நல்லது. நாளைக்குக் காலை வரைக்கும் வச்சிருப்போம்னு எங்க டாக்டரம்மா சொன்னாங்க.”

பந்தல் போட வந்தவர்கள் தூரத்தில் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வெலாசம் மாறி வந்துட்டீங்க. அப்படி யாரும் இந்த வீட்ல இல்லன்னு போய்ச் சொல்லுங்க.”

“என்னங்க இது? இந்த மில்லு வெலாசத்துக்குத்தான மாசா மாசம்...”

“அதான் சொல்லிட்டேன்ல. கெளம்புங்க.”

அந்த ஆள் அப்பாவைப் பார்த்தார். அப்பா நிமிரவில்லை. குடைக்காரர் வரப்பில் இறங்கிப் போனதும் பெரியப்பா ஒரு சட்டம் சொன்னார். அதை அவர் குரலிலேயே இன்றும் என்னால் சொல்ல முடியும்.

“கேள்விப்பட்டாத்தான் தீட்டு. நாம கேள்விப்படல. தம்பி, ஒன்னத்தான். நீ கேள்விப்பட்டியா?”

அப்பா தலையிலிருந்து கையை எடுக்காமலே, “இல்லண்ணே” என்றார்.

“ஏங்க, மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வரச் சொல்லுங்க. சமையக்காரரு வந்திருக்காரு” என்றாள் பெரியம்மா.

யாருக்கு என்ன முடிந்தது என்று எனக்கு அப்போதும் தெரியாது. ஏதோ அசிங்கம் நடந்துவிட்டது என்பது மட்டும் அவர்கள் நின்ற நிலையில் தெரிந்தது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. எனக்குப் புதுப் பாவாடை. அப்பா பட்டுக்கரை வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனத்தோடு, பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். “இன்னும் கொஞ்சம் ஊத்திக்குங்க மாமா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, “நீ சித்தப்பா மவளா? அம்மாவக் காணுமே?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மாவின் விரல்கள் என் முதுகுச் சதையைக் கவ்வின.

“நாகூர்ல இருக்காங்க சம்மந்தி. வர ஆசைதான். என்ன செய்யிறது, அங்க ஒரு பிரசவம், தொணைக்கு ஆளில்ல” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். தாம்பூலம் கொடுக்கும்போது, சம்பந்தி பார்க்கவே, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து ஒரு பையைத் தனியே எடுத்துவைத்தாள். “இது ஒங்கம்மா பங்குடி. சுமங்கலிக்கு எடுத்து வைக்காம இருக்கலாமா?” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளைப் புதைத்து மூன்று நாளாகியிருந்தது. நான் பந்தியில் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கப்பல் போயிற்று. பந்தலைப் பிரித்தார்கள். மில்லுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கடிதம் வந்தது, பெரியப்பா ‘அப்படி யாரும் இல்லை’ என்று எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். இன்னொன்று வந்தது, அதுவும் திரும்பியது. மாசி பாதியில் டாக்டரம்மாவே வந்துவிட்டார்.

வெள்ளைக் கதர்ப்புடவை, நரைத்த குட்டை முடி, வெயிலில் சிவந்த முகம். பஸ்ஸிலிருந்து இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தே வந்திருந்தார். கூட வந்த குடைக்காரரின் தலையில் ஒரு தகரப் பெட்டி. வாசலில் நின்று, “வணக்கமுங்க” என்றார். வீட்டில் எல்லோரும் இருந்தோம்.

“நான் லெட்டர் எழுதினேங்க. திரும்பி வந்துச்சுங்க. தப்பு எங்க மேலயோன்னு பாக்க வந்தேங்க” என்றார். தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார்.

“வீடு மாறி வந்துட்டீங்க” என்றார் பெரியப்பா.

டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். “நீங்கதானுங்களே கொண்டாந்து சேத்தது? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதீங்க. நான்தான் ஒங்களுக்குத் தண்ணி குடுத்தேன்.”

அப்பா தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான் இல்லீங்க.”

தெருவில் இரண்டு பேர் நின்று பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பெரியம்மா அவசரமாக, “வெயில்ல வந்திருக்காங்க” என்று தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைத்தாள். டாக்டரம்மா அதைப் பார்த்தார். குடிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கதவோரம் நின்ற என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். எனக்கு அம்மா ஜாடை என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குமேல் அவருக்கு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

“அம்மா செத்துப் போயிட்டாங்க, கண்ணு” என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் அவர்தான். “ஒங்க வீட்லேருந்து வருவாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தோம். செத்தவங்களத் தனியா விடுறது எங்க வழக்கத்துல இல்ல. அதனால நானும் ரெண்டு நர்ஸும் மாத்தி மாத்திப் பக்கத்துலயே உக்காந்திருந்தோம். ஒங்கம்மா ஒரு நிமிஷம் கூடத் தனியா இல்ல. அது ஒனக்குத் தெரியணும். அதுக்குத்தான் வந்தேன்.”

பெட்டியைத் திறந்து சிவப்புக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு கை மட்டும் கொஞ்சம் நீளம். என்னைவிடச் சின்னப் பிள்ளைக்கு ஆகிற அளவு. அம்மா என்னைக் கிணற்றடியில் கடைசியாகப் பார்த்த அளவுக்குப் பின்னியிருந்தாள்.

“என்னிக்காவது எழுதணும்னு தோணினா எழுது” என்று ஊர்ப் பெயரைச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லவைத்துவிட்டு, வந்த வழியே நடந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் பெரியம்மா பாய்ந்து வந்தாள். இடுக்கியால் ஸ்வெட்டரை என் கையிலிருந்து பிடுங்கினாள். வாசலுக்குச் சாணித் தண்ணீர் தெளித்தார்கள். எல்லோரும் தலைக்குக் குளித்தார்கள். கல்யாணம் முடிந்துவிட்டது, மாப்பிள்ளை கப்பலேறியாயிற்று, இனிமேல் கேள்விப்படலாம். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் போட்டு, வாய்க்கால் கரைக்குத் தூக்கிப்போய் அப்பாதான் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். கம்பளி எரிகிற நாற்றம் உங்களில் யாருக்காவது தெரியுமா? மயிர் கருகுகிற நாற்றம். தோல் கருகுகிற நாற்றம். நான் கரையிலேயே வாந்தி எடுத்தேன்.

“அப்பா, அம்மா செத்தப்பறமாப்பா நாம பாயசம் குடிச்சோம்?”

“சத்தம் போடாத” என்றார் அப்பா. “கரையில ஆளுங்க வர்றாங்க.”

ஆவணியில் அவருக்கு மறு கல்யாணம் செய்துவைத்தார்கள். அதற்கும் பாயசம் வைத்தார்கள். நான் தொடவில்லை. இந்த வயதுவரை தொட்டதில்லை.

அந்த அக்கா இப்போது திருவாரூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அடிக்கடி போன் பேசுவோம். போன மாதம் இந்தப் பேச்சு வந்தபோது, “அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் அப்படித்தான்டி. தெரியாமப் பண்ணிட்டாங்க, பாவம்” என்றாள். நீங்களும் அப்படிச் சொல்லத் தயாராக இருப்பீர்கள். நோயைக் கண்டு பயந்தது தெரியாமல் செய்தது. கடிதத்தைப் புகையில் காட்டியதுகூட தெரியாமல் செய்ததுதான், அதை மன்னித்துவிடுகிறேன். ஆனால் செத்தவளுக்குத் தாம்பூலப் பை எடுத்துவைத்தார்களே, அதைத் தெரியாமல் செய்ய முடியாது. நன்றாகத் தெரிந்தால்தான் அதைச் செய்ய முடியும். இதை அக்காவிடம் சொன்னேன். “எனக்குக் கூடச் சொல்லலடி அவங்க” என்று அழுதாள்.

திருவையாற்றில் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். ‘நான் அந்த அம்மாவின் மகள். அந்த விலாசம் சரியான விலாசம்தான். எங்கள் அப்பா சொன்னது பொய்.’ அவ்வளவுதான் எழுதத் தெரிந்தது. பதில் பள்ளி விலாசத்துக்கு வந்தது. நான் கையில் தொட்டுப் பிரித்த முதல் கடிதம் அது. என் பாடம், பல், தூக்கம் எல்லாவற்றையும் விசாரித்திருந்தார் டாக்டரம்மா. அம்மாவின் சமாதிக்கு ஒரு சின்னக் கல் வாங்கி வைத்திருப்பதாகவும், என்ன எழுதுவது என்று எங்கள் வீட்டுக்கு எழுதிக் கேட்டவைதான் அந்தத் திரும்பிவந்த கடிதங்கள் என்றும், அதனால் கல் இன்னும் வெறுமையாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். எங்கள் பள்ளித் தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

வேப்ப மரங்களுக்குக் கீழே வரிசையாகச் சமாதிகள். டாக்டரம்மாவுக்கு வயதாகியிருந்தது. ஆஸ்பத்திரிக் குமாஸ்தா தாளும் பேனாவுமாக என் பக்கத்தில் நின்றார். கல்தச்சர் எழுத்து கேட்டிருக்கிறார் என்றார்.

“அம்மா பேரு போட்டாச்சு. வழக்கமா இன்னாரோட மனைவின்னு போடுவாங்க. அப்பா பேரு சொல்லும்மா.”

“அது வேணாங்க.”

குமாஸ்தா டாக்டரம்மாவைப் பார்த்தார். தலைமையாசிரியை என் தோளைத் தொட்டு, “அப்படிச் சொல்லக் கூடாதும்மா, பெத்தவரு” என்றார்.

“அவரு ‘நான் இல்லீங்க’ன்னு சொல்லிட்டாருங்க” என்றேன். “என் பேரப் போட்டு, அவளோட அம்மான்னு எழுதுங்க.”

டாக்டரம்மா தலையசைத்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டார்.